கல்வெட்டில் இருந்த சுடுகாட்டு வழி

உத்திரமேரூர் பஜார் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர்தான் அந்த வேலையைப் பற்றி எனக்குச் சொன்னார். மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வந்திருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறது, சுற்று வட்டாரக் கோயில் கல்வெட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள், தப்பில்லாமல் டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்றார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் என்பதை நான் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் செய்யாற்றுக்கும் நடுவில். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் நடந்தால் முதலில் ஊர்த்தெரு வரும், அதன் கடைசியில் சிவன் கோயில். அதைத் தாண்டினால் கழனி. கழனிக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊர்த்தெருப் பெரிய வீட்டில் நெல் கூலிக்கு வேலை செய்யும் படியாள். பெரிய வீட்டுக்காரர்தான் கோயிலுக்கும் தர்மகர்த்தா. காலனியில் பாதிப் பேர் அவர் கழனியில்தான் வேலை செய்தார்கள்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கல்லுல எழுதி வெச்சத இன்னாத்துக்குப் பொட்டில போடறாங்க?"

"தேடிப் பாக்கறதுக்கு நைனா. எந்த ஊர்ல இன்னா எழுதிக் கீதுன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சி?"

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாதான், "பொண்ணு ஃபேன் காத்துல குந்திக்கினு வேல செய்யப் போவுது. அது போதாதா உனுக்கு?" என்று அவர் வாயை அடைத்தாள். நைனாவின் அண்ணி அவள். என் அம்மா நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்து, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, டைப்ரைட்டிங் சேர்த்துவிடச் சொல்லி நைனாவோடு சண்டை போட்டவள் பெரியம்மா.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தூசி ஆகாது. ஜன்னல்களுக்குத் தடித் திரை போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் ஸ்டெபிலைசர் ஒன்று மூலையில் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். கல்வெட்டு எல்லாம் தட்டையான பிளாப்பிகளில் ஏறியது. ஒவ்வொன்றின் மேலும் மானாம்பதி, மாகறல், திருமுக்கூடல் என்று ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கும்.

அந்த மிஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். நெடிலுக்கு ஒரு பெரிய எழுத்து, றகரத்துக்கு ஓர் எழுத்து, ழகரத்துக்கு ஓர் எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது ழகரம்தான். எங்கள் பக்கத்தில் மழையை மயை என்போம், வழியை வயி என்போம். நாக்கு சொல்கிறபடி விரல் போய்விடும். அப்படி அடித்த இடங்களை எல்லாம் அலுவலகத்தின் பொறுப்பாளர் பென்சிலால் வட்டம் போட்டுத் தருவார். அவரை நாங்கள் சார் என்போம். ஒல்லியான மனிதர், நாற்பதைத் தாண்டியவர், கல்வெட்டு படித்தே கண் கெட்டுப்போனவர். கோபமே வராது. "பேசறப்போ எப்படி வேணா பேசும்மா. அடிக்கறப்போ மட்டும் கல்லுல என்ன இருக்கோ அது" என்பார்.

கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்த படிகள் கட்டுக்கட்டாக அங்கே இருந்தன. கறுப்புக் காகிதத்தில் வெள்ளையாக எழுத்து தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அவற்றை விரித்து வைத்து, அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில மாதங்களில் பழைய எழுத்து கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அடிக்கும்போது மட்டும் அர்த்தம் மனதில் ஏறாது. டைப் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், கண்ணும் விரலும்தான் வேலை செய்யும்.

எங்கள் ஊர்க் கோயில் முறை வந்தது. பழைய அச்சுப் பாடத்தில் சில இடங்கள் சந்தேகமாக இருந்ததால், சார் கல்லை நேரில் பார்த்துப் படிக்க வேண்டும், ஒருவர் காகிதத்தில் சரிபார்க்க வேண்டும். "உன் ஊர்தானேம்மா, நீயே வா" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஊர்த்தெருவுக்குள் நான் வண்டியில் போனது அதுதான் முதல் தடவை. யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோயில் வாசலில் பெரிய வீட்டுக்காரர் நின்றிருந்தார். சாருக்குக் கும்பிடு போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஆளு பொண்ணுதான இது?"

"எங்க ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க" என்றார் சார்.

"பாக்கட்டும் சார். ரொம்ப சந்தோசம். நீங்க உள்ள வாங்க. அது வெளிய இருக்கட்டும்."

சட்டம் என்ன சொல்கிறது என்று சாருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் முகம் சிவந்தது. ஒரு நிமிஷம் தன் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "நீ இப்படி நிழல்ல உக்காரும்மா. உள்ள வௌவால் நாத்தம் வேற" என்றார்.

கோயில் மதிலுக்கு வெளியே, தெற்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் காகிதத்தோடு உட்கார்ந்தேன். உள்ளே சார் சுவரருகில் குனிந்து உரக்கப் படித்தார். மதிலுக்கு மேலாக அவர் குரல் வந்தது. நான் இந்தப் பக்கத்திலிருந்து, "சரி சார்", "இங்க வேற மாதிரி இருக்கு சார்" என்று கத்தினேன். உச்சி வெயில் வரை அப்படியே வேலை நடந்தது. எங்கள் ஊர்க் கல்வெட்டு முழுவதும் அப்படித்தான் சரிபார்க்கப்பட்டது. கல்லை நான் பார்க்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து அவ்வளவையும் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தேன்.

அந்த வருஷக் கோடையில் பெரிய வீட்டில் புது மோட்டார் போட்டார்கள். தண்ணீர் வசதி வந்ததும் கழனியை அகலப்படுத்தினார்கள். காலனியிலிருந்து கீழ்மதகு ஓரமாக எங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி, மாட்டுவண்டி போகிற அகலம் இருந்தது, ஒரே நாளில் டிராக்டரில் உழப்பட்டது. எங்கள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். "வயின்னு எந்த ரிக்கார்டுல கீது? காட்டு, வுட்டுடறேன்" என்றார் பெரிய வீட்டுக்காரர். காட்ட யாரிடமும் எதுவும் இல்லை. மறுநாள் அவர் கழனிக்கே வேலைக்கும் போக வேண்டுமே. திரும்பிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் பெரியம்மாவுக்கு ஜுரம் கண்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள். காலனிக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பாடையில் வைத்துத் தூக்கினபோதுதான் எல்லோருக்கும் எந்த வழியாகப் போவது என்ற நினைப்பே வந்தது. வழி இருந்த இடத்தில் நடவு முடிந்து பயிர் பச்சையாக நின்றது. காலை வைத்தால் பெரிய வீட்டு ஆட்கள் கம்போடு வருவார்கள். ஒரே ஒரு வேறு வழி கால்வாய்தான். ஏரி நிரம்பிக் கால்வாயில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்கள் சுடுகாடு வரை போகும் பழக்கம் எங்களிடம் இல்லை. கால்வாய்க்கரையில் நின்றுவிட்டோம். நைனாவும் இன்னொருவரும் முன்னால், பெரியம்மா மகன்கள் இரண்டு பேர் பின்னால். தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதி தூரத்தில் யாருக்கோ கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சரிந்தது. பெரியம்மாவின் கால் தண்ணீரில் நனைவதை நான் கண்ணால் பார்த்தேன். மாலைப் பூக்கள் பிரிந்து, நின்றிருந்த எங்களைத் தாண்டி மிதந்து போயின. என் பக்கத்தில் நின்ற ஒருத்தி அலறினாள். கழனிக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டு மோட்டார் கொட்டகை வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், மெட்ராஸிலிருந்து நிறுவனத்துப் பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. தேடும் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து வைக்கச் சொன்னார் சார். "ஏதாவது ஒரு வார்த்தை போட்டுப் பாரும்மா. எல்லா ஊர் பிளாப்பியிலயும் தேடுதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்கு அப்போது மனதில் வேறு வார்த்தை எதுவும் இல்லை. சுடுகாடு என்று அடித்தேன்.

பிளாப்பி உள்ளே கரகரவென்று சுழன்றது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டேன். பச்சை எழுத்தில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. தானமாகக் கொடுத்த நிலங்களுக்கு எல்லை சொல்லும் இடங்களில்தான் அந்தச் சொல் அதிகம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர் ஒட்டிய பிளாப்பியைப் போட்டபோது ஒரே ஒரு வரி வந்தது. கோயில் விளக்குக்காக யாரோ விட்ட நிலம். கீழ்மதகுக்குத் தெற்கே இருப்பது. அதற்குக் கிழக்கெல்லை, சேரியார் சுடுகாட்டுக்குப் போகிற வழி.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடித்தவள் நானேதான். மதிலுக்கு வெளியே உட்கார்ந்து "சரி சார்" என்று சொன்னவளும் நானேதான். கீழ்மதகு இன்றைக்கும் கீழ்மதகுதான். சுடுகாடும் அதே இடம்தான். நடுவில் இருந்த வழி மட்டும் பயிரின் அடியில் கிடந்தது.

சார் திரும்பி வந்ததும் காட்டினேன். பெரியம்மாவைக் கால்வாய் வழியாகக் கொண்டுபோன கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இது அச்சாகி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. யாரும் கவனிக்கல. நானும்தான்."

"இத்த பிரிண்ட் எடுத்து, இது கோயில்ல இருக்கறதுதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். எங்க ஆளுங்க தாசில்தார்கிட்ட மனு குடுக்கட்டும்."

அவர் பிளாப்பிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் எத்தனையோ கோயில் பாக்கி இருக்கு. ஒரு தர்மகர்த்தா இன்னொருத்தர்ட்ட சொன்னா போதும், இந்த கம்ப்யூட்டர்காரங்க ஊருக்குள்ள சண்டை மூட்டறாங்கன்னு. அத்தனை கதவும் சாத்திடுவாங்க. ஒவ்வொரு மழைக்கும் எழுத்து தேஞ்சுகிட்டே இருக்கும்மா. படி எடுக்காம போச்சுன்னா போனதுதான்."

"கல்லுல இருக்கறதத்தான சார் கேக்கறேன்?"

"கல்லுல இருக்கறது எல்லாருக்கும் பொது. நீ கேக்கற காகிதத்துல எங்க நிறுவனத்துப் பேரு இருக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். நியாயமான மனிதர் நியாயமான காரணம் சொல்லி மறுக்கும்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். காலனி ஆண்கள் எல்லோரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கோயில் சுவரிலேயே நம் வழி எழுதியிருக்கிறது என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியபின் யாருக்கும் உட்காரப் பொறுக்கவில்லை. நைனா மட்டும் ஒதுங்கி நின்றார். எல்லோரும் போனபிறகு என்னிடம் வந்தார்.

"நீ இதுல தலையிடாத. பேஜாரு. நாளிக்கி நா அவுரு மூஞ்சில முயிக்கணும்."

"பெரிம்மா தண்ணில சாஞ்சப்ப தூக்கிக்கினு இருந்தது நீதான நைனா."

"ஆமா. தூக்கிக்கினு இருந்தது நாந்தான். அதனாலதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மனு போனது. விசாரணைக்குத் தாசில்தாரே வந்தார். தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று சொன்னார்கள். கோயில் வாசலில் நாற்காலி போட்டிருந்தது. ஊர்த்தெரு ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் தெருமுனையில். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன்.

"வயி ஏது சார் அங்க? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அது நஞ்ச நெலம்" என்றார் பெரிய வீட்டுக்காரர். சர்வே படத்தை விரித்துக் காட்டினார்கள். படத்தில் வழி இல்லை. தாசில்தார் எங்கள் பக்கம் திரும்பி, உங்களிடம் ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கோயில் செவுத்துல எழுதி இருக்கு சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எந்தச் சுவர்ல?"

"தெக்குச் சுவர்ல. அடி வரிசைல."

"நீ பாத்துருக்கியா?"

"பாத்தது இல்ல சார். படிச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. "வந்து காட்டு" என்று எழுந்தார்.

பெரிய வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அது உள்ள வரக் கூடாது சார். வேணும்னா குருக்களப் படிக்கச் சொல்றேன்."

அந்த எழுத்து தனக்குப் படிக்க வராது என்றார் குருக்கள்.

"வரக் கூடாதுன்னு நீங்க சொல்றத எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாறீகளா?" என்று கேட்டார் தாசில்தார், நிதானமாக. பெரிய வீட்டுக்காரர் ஓரடி விலகினார். தாசில்தார் என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார்.

நான் நடந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நைனா நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதைப் பார்த்தும் நடந்தேன். வாசற்படியைத் தாண்டும்போது சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. முதுகில் எப்போது அடி விழும் என்ற எண்ணம்தான் இருந்தது.

தெற்குச் சுவரில் எதுவுமே தெரியவில்லை. காகிதத்தில் கறுப்பின் மேல் வெள்ளையாகப் பளிச்சென்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே சாம்பல் நிறக் கல்லில் வெறும் கீறல்கள்தான் இருந்தன. மேலே அடித்த சுண்ணாம்பு வழிந்து காய்ந்திருந்தது. பாசி வேறு. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று புரியவில்லை. பின்னால் பேச்சு வலுத்தது. "படிக்குது பாரு, படிக்குது" என்று ஒருவன் சொன்னான். தரையில் கிடந்த காய்ந்த மண்ணை அள்ளிக் கல்லின் மேல் தேய்த்தேன். கீறல்களுக்குள் மண் ஏறியதும் ஓரெழுத்து தெரிந்தது. பிறகு இன்னொன்று. எங்கள் ஊர்ப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் வரிசையாக வந்தது. மதகு. நிலம். கிழக்கெல்லை. சேரியார் சுடுகாடு. வழி.

உரக்கப் படித்தேன். தாசில்தார் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் விரலையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு எழுத்து கூடப் புரியலம்மா. நீ படிச்சது இங்க இருக்கறதுதான்னு நான் எப்படி எழுதுவேன்? தெரிஞ்ச ஆபீஸ்லேர்ந்து ஒரு காகிதம் கொண்டா."

வெளியே வந்ததும் யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. விசாரணையை ஒத்திவைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், கேட்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது.

"உள்ள போய்ப் படிச்சியாமே."

"ஆமா சார்."

"சுண்ணாம்பு நிறைய இருக்குமே அங்க. எப்படிப் படிச்ச?"

"மண்ணப் போட்டுத் தேச்சேன்."

அவர் எழுந்துபோய் எங்கள் ஊர் பிளாப்பியை எடுத்தார். பிரிண்டர் அடித்து முடிக்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார். தாளைக் கிழித்து, அடியில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

"அன்னிக்கு உன்ன வெளிய உக்கார வெச்சேன்" என்றார். தாளை நீட்டிவிட்டு, "இதோட இங்க நம்ம வேலை முடிஞ்சிரும்னு நினைக்கறேன்" என்றார்.

அது அப்படியே நடந்தது. மாதம் ஒன்று ஆவதற்குள் பக்கத்து ஊர்க் கோயில்களில் சாவி இல்லை, குருக்கள் ஊரில் இல்லை, இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மெட்ராஸிலிருந்து சாருக்குக் காரசாரமாகக் கடிதம் வந்ததாகக் கேள்வி. பொங்கலுக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றினார்கள். மாடி வீட்டு வாசலில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. எனக்கு வேலை போயிற்று.

நைனாவுக்கு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. விசாரணைக்கு மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல அவர் பெரிய வீட்டுக்குப் போனார். "உன் பொண்ணுதான் கோயிலுக்குள்ளாற போயி படிக்கற அளவுக்கு வந்துடுச்சே. நீ எதுக்குடா கயினிக்கு வர?" என்று கணக்குப்பிள்ளை திருப்பி அனுப்பினாராம். ஆற்றோரத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். குனிந்து நட்டுப் பழகிய உடம்பு, அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் பிடித்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டார்.

சார் கொடுத்த தாளை எங்கள் ஆட்கள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள்; தாசில்தார் உத்தரவு கோடையில் வந்தது. சர்வே பதிவில் வழி இல்லை, ஆனாலும் பழைய வழக்கம் இருந்ததாகத் தெரிகிறது, ஊர் அமைதியை முன்னிட்டு வரப்பு அகலத்துக்கு நடைபாதை விட நில உடைமையாளர் சம்மதித்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. காலனியில் சிலர் வெடி வெடித்தார்கள். சிலர், வரப்பில் பாடையை எப்படித் தூக்கிப் போவது என்று அப்போதே கேட்டார்கள்.

அடுத்த வருஷம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வெளியூர்க் கொத்தனார்கள் வந்து வேலை செய்தார்கள். ஒரு சாயங்காலம் சூளையிலிருந்து வந்த நைனா, கை கால் கழுவும் முன்பே என்னிடம் வந்தார்.

"செவுத்தப் பூசிட்டாங்க" என்றார். "தெக்குப் பக்கம் மொத்தமும் சிமிட்டி. மேல காவி பட்ட அடிச்சிக்கினு கீறாங்க."

பல மாதத்துக்குப் பிறகு அவராக வந்து என்னிடம் பேசியது அதுதான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு நான் காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். இன்னும் இளைத்திருந்தார். சுவரைப் பூசிவிட்டதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"பிளாப்பி இருக்கும்மா" என்றார். "ரெண்டு காப்பி எடுத்து ஏசி ரூம்ல வெச்சிருக்காங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"எங்க ஆளுங்க யாருனா போயிக் கேட்டா காட்டுவாங்களா சார்?"

"மேல எழுதி அனுமதி வாங்கணும்."

அவருடைய பஸ் வந்தது. ஏறும் முன், நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இருமுகிறார் என்றேன்.

அந்த மழைக்காலத்தில் காலனியில் பெரியம்மாவின் மூத்த மகன் இறந்துபோனான். சின்ன வயசு. பாம்புக்கடி. வரப்பு வழியாகத்தான் எடுத்துப் போனார்கள். பாடையைப் பக்கத்துக்கு இரண்டு பேராகத் தூக்க அங்கே இடமில்லை. மூங்கில் கழி ஒன்றில் துணியைத் தூளிபோலக் கட்டி, அதில் அவனைக் கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோள் கொடுத்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் ஆள் மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றும்போது பயிருக்குள் கால் படாமல் பார்த்துக்கொண்டார்கள். பறையடிக்கிறவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். பெண்கள் நாங்கள் வரப்பு ஆரம்பிக்கும் இடத்தில் நின்றோம். அவன் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நைனா இருமலோடு கடைசி ஆளாகப் போனார். தண்ணீரில் இறங்காமல், யாரும் நனையாமல், ஒருவர் பின் ஒருவராக அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தோளைப் பிடித்திருந்தவள், இது போதுமா என்று என்னைக் கேட்கவில்லை.